என்ஜிசி 1365: பட்டை தெரியுது, கைகளில் சிவப்பு முடிச்சுகள் மட்டும் வரலை. எங்கே தப்பு?

மாலைவெள்ளி எழுதியது:

வணக்கம். ஃபோர்னாக்ஸ் விண்மீன் குழுவில் இருக்கும் என்ஜிசி 1365 பட்டைச் சுருள் கேலக்ஸியை எடுத்திருக்கேன். விவரம் கீழே.

8 இன்ச் நியூட்டோனியன், எஃப்/5, குவியதூரம் 1000 மிமீ. கேமரா ஏஎஸ்ஐ 533 எம்சி ப்ரோ, கெய்ன் (சிக்னல் பெருக்கம்) 100, சென்சார் மைனஸ் 10 டிகிரி. மவுண்ட் ஈக்யூ6-ஆர், நட்சத்திரத்தைப் பின்தொடர (கைடிங்) 50 மிமீ கைடு ஸ்கோப். இடம் திருவண்ணாமலைக்கு வெளியே, வான வெளிச்சம் போர்ட்டில் அளவில் 5 இருக்கும். ரெண்டு குறுகின அலைநீளப் பட்டையை மட்டும் விடும் 7 நானோமீட்டர் டூயல் பேண்ட் ஃபில்டர் போட்டு 300 செகண்ட் சப் (தனித்தனிப் படம்) 30, மொத்தம் இரண்டரை மணி நேரம். ஜனவரி நடுவில், இரவு 8 மணிக்கு ஆரம்பிச்சது.

மூணு சிக்கல். ஒண்ணு, கைகளில் எச்-ஆல்பா (ஹைட்ரஜனின் சிவப்பு ஒளி) முடிச்சுகள் கிட்டத்தட்ட இல்லை, படமே சாம்பலா இருக்கு. ரெண்டு, எல்லா நட்சத்திரத்துக்கும் ஒரு பக்கம் நீல ஓரம், எதிர்ப்பக்கம் சிவப்பு ஓரம். மூணு, ஸ்ட்ரெச் பண்ணினா, அதாவது மங்கலானதை வெளிச்சமாக்கினா, பின்னணியில் சாய்வா கோடு கோடா இரைச்சல். அடுத்து 3 நானோமீட்டர் ஃபில்டர் வாங்கலாமான்னு யோசனை. வாங்கலாமா?

---

அலைநீளம் எழுதியது:

வாங்காதீங்க சார். 3 நானோமீட்டர் போட்டா இப்ப கொஞ்சமாவது தெரியுற சிவப்பும் போயிடும்.

கணக்கைப் பாருங்க. என்ஜிசி 1365 நம்மை விட்டு விலகும் வேகம் செகண்டுக்கு சுமார் 1636 கிமீ. அதை ஒளியின் வேகத்தால் வகுத்தா 0.00546. எச்-ஆல்பாவின் அலைநீளம் 656.3 நானோமீட்டர். ரெண்டையும் பெருக்கினா 3.6. அதாவது அந்த கேலக்ஸியின் எச்-ஆல்பா நமக்கு 659.9-ல் வந்து சேருது.

உங்க 7 நானோமீட்டர் ஃபில்டர் 656.3-ஐ நடுவில் வச்சா 652.8-லிருந்து 659.8 வரை திறந்திருக்கும். கோடு விழுவது சரியா வாசல்படியில். அதுக்கு மேல எஃப்/5 கூம்பில் ஓரக் கதிர்கள் சாய்வா நுழையுறதால, பேண்ட் மொத்தமா நீலப் பக்கம் அரை நானோமீட்டர் அளவுக்கு நகரும். அப்ப கோடு வாசலுக்கு வெளியே. 3 நானோமீட்டர் ஃபில்டர் 657.8-லேயே மூடிடும். அதில் நீங்க எடுக்கிறது அந்த கேலக்ஸியின் எச்-ஆல்பாவே இல்லை, அந்த இடத்தில் இருக்கும் நட்சத்திர ஒளியின் ஒரு மெல்லிய சீவல்.

இன்னொண்ணு, கேலக்ஸி சுத்துது. ஒரு பக்கத்துக் கை நம்ம பக்கம் வருது, மறுபக்கத்துக் கை விலகுது. செகண்டுக்கு 200 கிமீ வித்தியாசம்னாலே 0.4 நானோமீட்டர் முன்னே பின்னே ஆகும். ஒரு கையில் மட்டும் லேசா சிவப்பு தெரிஞ்சு மற்றதில் இல்லாம இருந்தா காரணம் இதுதான். படத்தைப் பெரிசாக்கிப் பார்த்துச் சொல்லுங்க.

எச்-ஆல்பா தனியா வேணும்னா 12 நானோமீட்டர் அகலமுள்ள பழைய வகை ஃபில்டர் போதும், அது 662 வரை விடும். விலையும் கம்மி. ஓரியன் நெபுலா மாதிரி நம்ம பால்வீதிக்குள்ள இருக்கிறதுக்குக் குறுகின ஃபில்டர் நல்லது. கேலக்ஸிக்கு வாங்கும்போது மட்டும் விலகுவேகத்தை முதலில் பார்த்துடணும்.

---

தென்வானம் எழுதியது:

அலைநீளம் சொன்னதுக்கு மேல ஒரு வார்த்தை. இந்தப் பொருளுக்கு டூயல் பேண்ட் ஃபில்டரே அடிப்படையில் தப்பு. நடுப்பட்டை என்பது பழைய மஞ்சள் நட்சத்திரங்களின் ஒளி, கைகள் இளம் நீல நட்சத்திரங்களின் ஒளி. ரெண்டுமே 400-லிருந்து 700 வரை முழுக்கப் பரவிக் கிடக்கு. அதில் ரெண்டு சின்ன ஜன்னலை மட்டும் திறந்து வச்சா இருபதில் ஒரு பங்கு ஒளிதான் உள்ளே வரும். நட்சத்திர ஒளியைப் பொறுத்தவரை உங்க இரண்டரை மணி நேரம் ஏழெட்டு நிமிஷத்துக்குச் சமம். சாம்பலா இருப்பதில் ஆச்சரியமே இல்லை.

புற ஊதா, அகச்சிவப்பு ரெண்டையும் தடுக்கும் யூவி-ஐஆர் கட் ஃபில்டர் மட்டும் போட்டு எடுங்க. 533-இன் முன்கண்ணாடி அகச்சிவப்பைத் தடுக்காது, ஓர நட்சத்திரங்களைச் சீராக்கும் கோமா கரெக்டர் லென்ஸ் அதை வேற இடத்தில் குவிக்கும், அதனால கட் ஃபில்டர் அவசியம்.

சப் நீளத்துக்கு யாரையும் கேட்க வேண்டாம், உங்க வானத்தையே அளக்கலாம். 60 செகண்ட் சப் ஒண்ணு எடுத்து நட்சத்திரமில்லாத இடத்தின் மீடியனை (நடுமதிப்பை) பாருங்க. அதிலிருந்து பயஸ் (ஒளியே படாத மிகக் குறுகிய படம்) மீடியனைக் கழிங்க. உதாரணமா 160 மிஞ்சினா, கெய்ன் 100-ல் ஒரு அலகுக்கு 0.25 எலெக்ட்ரான் வீதம் 40 எலெக்ட்ரான், செகண்டுக்கு 0.67. ரீட் நாய்ஸ், அதாவது சென்சாரைப் படிக்கும்போது சேரும் இரைச்சல், சுமார் 1.5. அதன் வர்க்கத்தைப் பத்தால் பெருக்கினா 22.5 எலெக்ட்ரான். அந்த அளவு வானொளி சேர 34 செகண்ட் போதும். அதுக்கு மேல சப்பை நீட்டினா ரீட் நாய்ஸில் லாபம் அஞ்சு சதவீதத்துக்கும் கீழே, காத்து அடிச்சாலோ சாட்டிலைட் போனாலோ நஷ்டம் மட்டும் பெரிசு. 60-லிருந்து 120 செகண்டுக்குள் வச்சுக்கோங்க. 300 தேவையே இல்லை.

இப்ப நேரம். இதுதான் நம்ம ஊரில் இந்த கேலக்ஸியின் நிஜமான கஷ்டம். நள்ளிரவில் உச்சிக்கோட்டைக் கடப்பது நவம்பர் நடுவில், வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது. மழை விட்டு வானம் திறக்கும்போது அது மாலை வானத்துக்கு வந்துடுது. திருவண்ணாமலையிலிருந்து அதன் உச்ச உயரம் 42 டிகிரிதான். ஜனவரி 15 வாக்கில் இரவு 8.10-க்கு உச்சியில் இருக்கும், 10.40-க்கு 30 டிகிரிக்குக் கீழே இறங்கிடும். வானம் முழுசா இருட்டுவது 7.20-க்கு. ஆக மூணேகால் மணி நேரம் கைக்குக் கிடைக்கும். நீங்க எட்டு மணிக்கு ஆரம்பிச்சதால நல்ல உயரத்தில் இருந்த முதல் நாற்பது நிமிஷம் வீணாப் போச்சு. ஒவ்வொரு நாளும் நாலு நிமிஷம் முன்னாடி வரும். பிப்ரவரி 10 ஆச்சுன்னா ஒன்றரை மணி நேரம்கூட மிஞ்சாது.

அதனால தை அமாவாசை ஜனவரியில் விழுற வருஷம் நமக்குப் பொன்னான வருஷம். பிப்ரவரியில் விழுந்தா அதுக்கு முந்தின மார்கழி அமாவாசைக்கே தயாரா இருங்க. போகி அன்னைக்கும் மறுநாளும் புகை தாழ்வா நிக்கும், 42 டிகிரி உயரத்தில் அது அப்படியே குறுக்கே வரும். அந்த ரெண்டு நாளை விட்டுடுங்க.

இடம் தேர்வு பண்ணும்போது ஊரின் தெற்குப் பக்கம் போங்க. ஊர் வெளிச்சம் உங்க முதுகுக்குப் பின்னாடி வடக்கே இருக்கணும். ஊருக்கு வடக்கே பத்து கிலோமீட்டர் போனா, வரைபடத்தில் போர்ட்டில் எண் என்ன சொன்னாலும், தெற்கு வானத்தில் அந்த ஊரே ஏறி நிக்கும்.

---

யாழ்இரவு எழுதியது:

யாழ்ப்பாணத்தில் இருந்து பார்க்கிறவர்களுக்கு இது 44 பாகை வரை ஏறும், மலையகத்தில் இருந்தால் 47. மழைக்காலப் பிரச்சினை எங்களுக்கும் அப்படியேதான். ஒரு கேள்வி: துருவ நட்சத்திரம் எங்களுக்குப் பத்துப் பாகைக்கும் குறைவாக, மரங்களுக்குப் பின்னால் நிற்கிறது. மவுண்ட்டின் அச்சைத் துருவத்துக்கு நேராக வைக்கும் துருவச் சீரமைப்பை எப்படிச் செய்கிறீர்கள்?

---

கவுண்டர்வெயிட் எழுதியது:

துருவ நட்சத்திரம் தெரியவே வேண்டாம். நினா என்ற படமெடுக்கும் மென்பொருளில் மூன்று புள்ளித் துருவச் சீரமைப்பு இருக்கிறது. திறந்த வானத்தில் எங்காவது மூன்று இடங்களில் படம் எடுத்து, பிளேட் சால்வ் செய்து (நட்சத்திரங்களை வைத்து இடத்தைக் கண்டறிந்து), அச்சு எவ்வளவு விலகியிருக்கிறது என்று சொல்லிவிடும். மரத்துக்கு மேலே தெரியும் எந்தத் துண்டு வானமும் போதும்.

பத்து டிகிரி உயரத்தில் காற்று மண்டலம் ஒளியை ஐந்து ஆர்க்மினிட்டுக்கு மேல் வளைக்கிறது. அதனால் கண்ணுக்குத் தெரியும் துருவமும் உண்மையான துருவமும் அந்த அளவு தள்ளி இருக்கும். இதை நினைத்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஐந்து ஆர்க்மினிட் பிழைக்கு டெக் அச்சில் (வடக்கு-தெற்குத் திசையில்) நகர்வு அதிகபட்சம் நிமிடத்துக்கு 1.3 ஆர்க்செகண்ட். கைடிங் அதை எளிதாகப் பிடித்துவிடும். 120 செகண்ட் சப்பில் களச் சுழற்சி கண்ணுக்கே தெரியாது.

உண்மையான தொல்லை மவுண்ட்டின் உடலமைப்பில். நம் அட்சரேகையில் துருவ அச்சு கிட்டத்தட்டப் படுத்துவிடுகிறது. ஹோம் பொசிஷனில் எடைத்தண்டு நேராகக் கீழே தொங்கி வடக்குக் காலில் இடிக்கும். படம் எடுக்கும்போது இடிக்காது, ஏனென்றால் உச்சிக்கோட்டுக்கு அருகில் தண்டு கிடையாகத்தான் இருக்கும். பார்க் செய்யும்போதுதான் இடித்து மோட்டார் திணறும். 15, 20 செமீ உயர எக்ஸ்டென்ஷன் போட்டால் தீரும். இல்லையென்றால் எடையைத் தண்டின் மேல்பகுதியில் வைத்து, இன்னொரு எடையைக் கூட்டிக்கொள்ளுங்கள். சில மவுண்ட்டுகளில் உயரத் திருகு 10 டிகிரியோடு நின்றுவிடும். கன்னியாகுமரி, திருநெல்வேலி, இலங்கைப் பக்கம் இருப்பவர்கள் வாங்குவதற்கு முன்பே அதைப் பார்த்துவிட வேண்டும். ஏற்கெனவே வாங்கிவிட்டால் தெற்குக் கால்கள் இரண்டையும் கொஞ்சம் உயர்த்தி, மேடையையே வடக்கே சாய்த்துவிடலாம். சமமட்டம் கெடுவதால் கைடிங்குக்கு ஒன்றும் ஆகாது.

மாலைவெள்ளி, உங்கள் மூன்றாவது சிக்கலுக்கு வருகிறேன். பின்னணியில் சாய்வுக் கோடு என்றால் டிதர் செய்யவில்லை, அதாவது சப்களுக்கு இடையில் குழாயைக் கொஞ்சம் நகர்த்தவில்லை என்று அர்த்தம். கைடு ஸ்கோப் குழாய் ஒரு பக்கமும் நியூட்டோனியன் குழாய் ஒரு பக்கமும் மெல்ல வளைகின்றன. கைடிங் வரைபடம் ஒழுங்காக இருக்கும், ஆனால் முதல் சப்பையும் கடைசி சப்பையும் மாற்றி மாற்றிப் பார்த்தால் நட்சத்திரங்கள் ஒரே திசையில் நகர்ந்திருக்கும். சென்சாரின் நிலையான இரைச்சல் அந்தத் திசையில் இழுபட்டுக் கோடாகிறது. மூன்று சப்புக்கு ஒருமுறை, பிரதான கேமராவின் கணக்கில் ஐந்து முதல் பத்து பிக்சல், தாறுமாறான திசையில் டிதர் செய்யுங்கள். நிரந்தரத் தீர்வு, பிரதான குழாயின் ஒளியிலேயே பின்தொடரும் ஆஃப்-ஆக்சிஸ் கைடர்தான். 1000 மிமீக்கு 50 மிமீ கைடு ஸ்கோப் ஓட்டிவிடலாம், ஆனால் அதன் பிடிப்பானில் உள்ள பிளாஸ்டிக் திருகுகளை எடுத்துவிட்டு உலோக வளையம் போட்டாக வேண்டும்.

கைடிங் மென்பொருளான பிஹெச்டி2-இன் காலிபரேஷனை கேலக்ஸி இருக்கும் டெக் மைனஸ் 36 டிகிரியில் செய்யாதீர்கள். வான நடுக்கோட்டுக்கு அருகே, உச்சிக்கோட்டுப் பக்கம் செய்துவிட்டு பிறகு கீழே வாருங்கள். கைடு எக்ஸ்போஷர் 2, 3 செகண்ட் வையுங்கள். இந்த உயரத்தில் காற்றின் நடுக்கம் அதிகம், ஒரு செகண்ட் வைத்தால் மவுண்ட் நடுக்கத்தைத் துரத்திக்கொண்டே இருக்கும். மொத்தப் பிழை 0.8 ஆர்க்செகண்டுக்குள் வந்தால் திருப்தியடையலாம். உங்கள் பிக்சல் அளவே 0.78 ஆர்க்செகண்ட்தான்.

---

மாலைவெள்ளி எழுதியது:

ரொம்ப நன்றி. அலைநீளம் சொன்னது சரி. பெரிசாக்கிப் பார்த்தா ஒரு கையில் மட்டும் மூணு நாலு இடத்தில் லேசான சிவப்பு, எதிர்க் கையில் சுத்தமா இல்லை. டிதர் ஆஃப்ல இருந்தது. நீல ஓரம், சிவப்பு ஓரம் ஏன்னு யாராவது சொல்லுங்க. கோமா கரெக்டரா?

---

நிழற்பெட்டி எழுதியது:

கோமா கரெக்டர் இல்லை. அதுவா இருந்தா நிறம் படத்தின் நடுவிலிருந்து வெளிப்பக்கமா, மூலைக்கு மூலை திசை மாறி இருக்கும். உங்களுக்கு எல்லா நட்சத்திரத்திலும் ஒரே திசை. அது வளிமண்டல நிறப்பிரிகை. காற்றே ஒரு பட்டகம் மாதிரி நீலத்தை அதிகமா வளைச்சு மேலே தூக்குது, சிவப்பைக் கொஞ்சம் கீழே விடுது. நீல ஓரம் உச்சிவானத்துப் பக்கம் இருக்கான்னு பாருங்க, அப்படித்தான் இருக்கும்.

42 டிகிரி உயரத்தில் நீல சேனலுக்கும் சிவப்பு சேனலுக்கும் நடுவில் சுமார் 0.8 ஆர்க்செகண்ட், உங்க கேமராவில் ஒரு பிக்சல். 30 டிகிரிக்கு இறங்கினா 1.25. சின்னதாத் தோணும், ஆனா இந்த கேலக்ஸியின் உயிரே அந்த அளவில்தான் இருக்கு. நடுப்பட்டை மொத்தமே மூணு ஆர்க்மினிட் நீளம், உங்க படத்தில் இருநூத்திச் சொச்சம் பிக்சல். அதுக்குள்ள ரெண்டு கருந்தூசிக் கோடு ஓடுது. பட்டையின் ரெண்டு பாதியிலும், சுழற்சியில் முன்னால போற ஓரத்தை ஒட்டி வந்து, மையத்துக்குப் பக்கத்தில் வளைஞ்சு உள்ளே நுழையும். பட்டைக்குள் வாயு அதிர்ந்து அழுந்தும் இடம் அது, அங்கே வேகத்தை இழந்துதான் வாயு மையத்தை நோக்கிச் சரியுது. கோட்டின் அகலம் சில பிக்சல்தான். அதில் நீலம் மேலேயும் சிவப்பு கீழேயுமா ஒரு பிக்சல் விலகிப் போனா கருப்புக் கோடு பழுப்புக் கறையா மாறிடும்.

தீர்வு சுலபம். சிரில் மென்பொருளில் ஸ்டாக் (எல்லா சப்பையும் ஒண்ணாச் சேர்ப்பது) முடிஞ்சதும், ஸ்ட்ரெச் பண்றதுக்கு முன்னாடி, மூணு சேனலையும் தனித்தனியாப் பிரிங்க. பச்சையை ஆதாரமா வச்சு மற்ற ரெண்டையும் நட்சத்திரங்களைக் கொண்டு பொருத்துங்க. திரும்பச் சேருங்க. நிறச் சமன்பாடு, டீகன்வொல்யூஷன் (மங்கலைக் கணக்குப் போட்டுக் கூர்மையாக்குறது) எல்லாம் அதுக்கு அப்புறம்தான். வரிசை மாறினா நிற ஓரம் உறைஞ்சு போயிடும்.

ஸ்டாக்குக்கு முன்னாடி இன்னும் ஒரு வேலை. மாலை ஏழரைக்கு எடுத்த சப்பில் வெளிச்சச் சரிவு ஒரு பக்கம், பத்தரைக்கு எடுத்ததில் வேற பக்கம். அதனால ஒவ்வொரு சப்பிலும் முதல் படி, அதாவது நேர்கோட்டுப் பின்னணி நீக்கம் மட்டும் பண்ணிட்டு ஸ்டாக் பண்ணுங்க. ஸ்டாக்கில் இன்னொரு தடவை பண்ணும்போது மாதிரிப் புள்ளிகளைக் கையால் வைங்க. 533-இல் உங்க களம் 39-க்கு 39 ஆர்க்மினிட், கேலக்ஸியின் நீளம் 11. மையத்தைச் சுத்தி 8 ஆர்க்மினிட்டுக்குள் ஒரு புள்ளியும் வைக்கக் கூடாது. தானா வைக்க விட்டா வெளிக்கைகளின் மங்கல் நுனியில் போய் உட்காரும். மென்பொருள் அதை வானம்னு நினைச்சுக் கழிச்சுடும். கை பாதியில் வெட்டினாப்பல நிக்கும்.

எஃப்டபிள்யூஹெச்எம் (நட்சத்திரத்தின் அகலம்) மோசமான சப்களில் பதினஞ்சு சதவீதத்தைத் தள்ளுங்க. தயங்காதீங்க.

கேமரா மைனஸ் 10-ன்னு சொல்லியிருக்கீங்க. 25 டிகிரி இரவில் அது 35 டிகிரி இறக்கம், கூலர் நூறு சதவீதத்தில் முட்டும், வெப்பநிலை ஆடும், டார்க் (மூடி போட்டு எடுக்கும் படம்) ஒத்துவராது. மைனஸ் 5 வைங்க, கூலர் 80 சதவீதத்துக்குள் நிக்கட்டும். இந்த சென்சாருக்கு அந்த வித்தியாசம் படத்தில் தெரியாது. பனி அதைவிடப் பெரிய எதிரி. தை மாசப் பனியில் முதன்மைக் கண்ணாடி தப்பிச்சுடும், குழாயின் வாய்ப்பக்கம் இருக்கும் இரண்டாம் கண்ணாடி மூடிக்கும். நட்சத்திரம் மெல்ல மங்குறதைப் பார்த்து மேகம்னு நினைச்சுடாதீங்க. இரண்டாம் கண்ணாடியின் பின்புறம் சின்ன ஹீட்டர் ஒட்டுங்க, குழாய் வாயில் ஒரு முழ நீளத்துக்குக் கருப்பு ஃபோம் சுத்துங்க. குழாயின் அடிப்பக்கம் கருப்புத் துணி கட்டினா கசியும் வெளிச்சமும் நிக்கும், ஃப்ளாட்டும் (ஒளிச் சீரின்மையைச் சரிசெய்ய எடுக்கும் படம்) ஒழுங்கா வேலை செய்யும்.

---

தென்வானம் எழுதியது:

ஃப்ளாட் பேச்சு வந்ததால: உங்களுக்கு மெரிடியன் ஃப்ளிப் (உச்சிக்கோட்டைத் தாண்டும்போது குழாய் மறுபக்கம் திரும்புறது) படம் எடுக்கும் நேரத்தின் நடுவில் வரும். நியூட்டோனியனில் ஃபோகசர் தொங்கும் பக்கம் மாறுது, அதோட கேமரா சாய்வும் ஒளி விழும் இடமும் கொஞ்சம் நகருது. ஃப்ளிப்புக்கு முந்தின சப்களுக்கும் பிந்தின சப்களுக்கும் தனி ஃப்ளாட் எடுத்தா வளைய வடிவ மிச்சம் வராது. எல்இடி பேனல்னா ஒரு செகண்டுக்கு மேல இருக்கிற மாதிரி வெளிச்சத்தைக் குறைங்க, இல்லாட்டி பேனல் துடிப்பு பட்டைபட்டையா விழும். ஃப்ளிப்புக்குப் பிறகு ஃபோகஸும் திரும்பப் பாருங்க. எஃப்/5-இல் ஃபோகஸ் தவற இடம் 0.07 மிமீதான்.

---

மாலைவெள்ளி எழுதியது:

இன்னொரு சந்தேகம். ஏஐ ஷார்ப்பன் போட்டா தூசிக் கோடு அருமையா வருது. அதை நம்பலாமா?

---

நிழற்பெட்டி எழுதியது:

சோதிச்சுட்டு நம்புங்க. சப்களை ஒற்றைப்படை எண், இரட்டைப்படை எண்ணுன்னு ரெண்டா பிரிச்சு ரெண்டு ஸ்டாக் பண்ணுங்க. ரெண்டுக்கும் அதே அமைப்பில் ஷார்ப்பன் போட்டு மாத்தி மாத்திப் பாருங்க. ரெண்டிலும் ஒரே இடத்தில், ஒரே வளைவில் வர்ற கோடு உங்க தரவிலிருந்து வந்தது. ஒண்ணில் கிளை பிரிஞ்சு மற்றதில் பிரியலைன்னா அது இரைச்சலிலிருந்து மென்பொருள் நெய்தது. அமைப்பைப் பாதியாக் குறைங்க.

சாதாரண டீகன்வொல்யூஷனே இந்தப் பட்டைக்குப் போதும்னு என் எண்ணம். ரிச்சர்ட்சன்-லூசி, உங்க படத்து நட்சத்திரங்களிலிருந்தே எடுத்த பிஎஸ்எஃப் (ஒரு புள்ளி எப்படி மங்குதுங்கிற வடிவம்), பத்து பதினஞ்சு சுற்று, மையமும் பட்டையும் மட்டும் தெரியுற மாஸ்க். கைகளுக்குப் போடாதீங்க, அங்கே சிக்னல் பத்தாது, அரிசி தூவினாப்பல ஆயிடும்.

---

அலைநீளம் எழுதியது:

கேலக்ஸியின் எச்-ஆல்பாவை இருக்கிற 7 நானோமீட்டர் ஃபில்டரிலேயே பிடிக்கணும்னா ஆள் மாத்துங்க. எம்83 கேலக்ஸியும் பட்டை உள்ள சுருள்தான், பால்வீதிக்கு ரொம்பப் பக்கம், சுமார் ஒன்றரைக் கோடி ஒளியாண்டு. விலகுவேகம் செகண்டுக்கு 513 கிமீ, கோட்டின் நகர்வு 1.1 நானோமீட்டர்தான். 657.4-ல் வரும், உங்க ஃபில்டர் தாராளமா விடும். 3 நானோமீட்டருக்கு எஃப்/5-இல் அதுகூட விளிம்புதான். ஏப்ரல் நடுவில் நள்ளிரவில் உச்சிக்கு வருது, திருவண்ணாமலையிலிருந்து 48 டிகிரி. பருவமழைத் தொல்லையும் இல்லை.

என்ஜிசி 1300 அழகான பட்டை, அதையும் நிறைய பேர் கேட்பாங்க. விலகுவேகம் 1577, நகர்வு 3.5 நானோமீட்டர், 1365 மாதிரியேதான். அதுக்கும் 12 நானோமீட்டர் வேணும்.

---

கவுண்டர்வெயிட் எழுதியது:

மொத்த நேரத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. டூயல் பேண்ட் ஃபில்டர் இல்லாமல், போர்ட்டில் 5-ல், பட்டையும் உள்கைகளும் மூன்று மணி நேரத்தில் வந்துவிடும். வெளிக்கைகள் இரைச்சலிலிருந்து எழ 10, 12 மணி நேரம் ஆகும். அதாவது ஜனவரியில் நான்கு இரவு. நான்கு இரவிலும் கேமராவின் கோணத்தை மாற்றாதீர்கள். கழற்றியே ஆக வேண்டுமென்றால் குழாயில் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டுக் கழற்றுங்கள்.

ஒவ்வொரு இரவின் ஸ்டாக்கையும் தனியாகச் சேமித்து வையுங்கள். இந்த கேலக்ஸியில் 1957, 1983, 2001, 2012 ஆகிய ஆண்டுகளில் சூப்பர்நோவா வந்திருக்கிறது. 2012 அக்டோபரில் கண்டறியப்பட்ட 2012எஃப்ஆர் சுமார் 12 மேக்னிட்யூட் வரை பிரகாசித்தது, அது 8 இன்ச்சில் ஒரே சப்பில் தெரியும். புது இரவின் படத்தைப் பழையதோடு மாற்றி மாற்றிப் பார்க்க இரண்டு நிமிடம் ஆகும். புதிதாக ஒரு புள்ளி தெரிந்தால், டிதர் செய்த சப்களில் அது நட்சத்திரங்களோடு சேர்ந்து நகர்கிறதா என்று பாருங்கள். சென்சாரில் ஒரே பிக்சலில் ஒட்டிக்கொண்டிருந்தால் அது ஹாட் பிக்சல்.

---

மாலைவெள்ளி எழுதியது:

ஃபில்டர் வாங்கலை. யூவி-ஐஆர் கட், கெய்ன் 100, மைனஸ் 5, 90 செகண்ட் சப், மூணுக்கு ஒரு டிதர், 7.20-க்கே ஆரம்பம், 10.40-க்கு முடிவு, ஃப்ளிப்புக்கு ரெண்டு பக்கமும் ஃப்ளாட். பழைய சப்களையும் சேனல் பிரிச்சுப் பொருத்திப் பார்த்தேன், நீல ஓரம் போயிடுச்சு. பட்டையின் ஒரு பாதியில் கோடு இப்பவே தெரியுது.